தூத்துக்குடி: கேமரா எப்போது வந்தது, எப்போது கிளம்பியது

ஸ்டெர்லைட் தாமிர ஆலை பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு 2018 மே 22இல்தான் தொடங்கும். துப்பாக்கிச் சூடு, 13 உயிர், வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த போலீஸ்காரர். ஆனால் அது போராட்டத்தின் நூறாவது நாள். அதற்கு முன்னால் 99 நாள் இருந்தது, அதற்கும் முன்னால் 22 வருடம் இருந்தது. அந்த 22 வருடமும் 99 நாளும் வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் வீட்டு டிவியில் அது வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் ஊடகம் என்ன செய்தது, வாட்ஸாப் என்ன செய்தது என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. பெரிய ஊடகங்கள் மூடி மறைத்தன, செல்போன்தான் உண்மையைக் காட்டியது என்பது ஒரு தரப்பு. சமூக வலைதளத்தில் தூண்டிவிட்டுத்தான் கலவரமே வந்தது என்பது எதிர்த்தரப்பு. எனக்கு இரண்டிலுமே முழு உடன்பாடு கிடையாது. யார் உண்மை பேசினார்கள், யார் பொய் பேசினார்கள் என்று பட்டியல் போடுவதைவிட, யார் எந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள், எப்போது மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள் என்று பார்த்தால்தான் இது புரிகிறது.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் வரவேண்டிய தாமிர உருக்காலை அது. அங்கே உள்ளூர் மக்கள் எதிர்த்து நின்றதில் 1993இல் வேலை நின்றுபோய், தமிழ்நாட்டுக்கு வந்தது. 1994 அக்டோபரில் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா. 1996இல் உற்பத்தி தொடங்கியது, அதே ஆண்டில் தாது ஏற்றி வந்த கப்பலை மீனவர்கள் படகில் போய் மறித்தார்கள். 1997 ஜூலையில் பக்கத்திலிருந்த உலர்மலர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள். ஸ்டெர்லைட்டிலிருந்து வந்த வாயுதான் காரணம் என்று ஊர் சொன்னது, ஆலை மறுத்தது. 1998இலும் 2010இலும் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, இரண்டு தடவையும் ஆலை மறுபடி ஓடத்தான் செய்தது. 2013 மார்ச் 23 காலையில் நகரத்தின் பல பகுதிகளில் கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத்திணறல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பூட்டுப் போட்டது. ஏப்ரல் 2இல் உச்ச நீதிமன்றம் 2010இன் மூடல் உத்தரவை ரத்து செய்து, சுற்றுச்சூழல் கேட்டுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. வாரியம் போட்ட பூட்டைப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்துவிட்டது.

இதெல்லாம் செய்தியாகவே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஆனால் எங்கே வந்தது என்பதுதான் விஷயம். தமிழ் நாளிதழ்கள் ஊர் ஊராகப் பதிப்பு போடுகிறவை. நெல்லைப் பதிப்பில் மாவட்டப் பக்கத்தில் நாலு பத்தி வரும் செய்தி, சென்னைப் பதிப்பில் ஒரு பத்தியாகச் சுருங்கும், கோவைப் பதிப்பில் காணாமலே போகும். தூத்துக்குடி நிருபர் ஒழுங்காக எழுதி அனுப்பியிருப்பார். அவர் எழுதியதை தூத்துக்குடிக்காரர்களே படித்துக்கொள்வார்கள், அவர்களுக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே. சென்னையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் மேஜைக்கு அது வராது. திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், பல சமயம் பதிப்பு பிரிக்கிற வழக்கமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அந்த வருடங்களில் இதை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்பு இயக்கத்தின் துண்டறிக்கைகள், சின்னப் பத்திரிகைகள், பேராசிரியர் பாத்திமா பாபு போன்றவர்கள் போட்ட மனுக்கள், சுற்றுச்சூழல் பத்திரிகையாளர் நித்யானந்த் ஜெயராமனின் கட்டுரைகள். மாற்று ஊடகம் என்றதும் யூடியூப்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் அது அதற்கு ரொம்ப முன்னாலேயே இருந்தது. ஜெராக்ஸ் கடையில் இருந்தது, நீதிமன்றக் கோப்பில் இருந்தது. படித்தவர்கள்தான் குறைவு.

சரி, 2018க்கு வருவோம். ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தியை 8 லட்சம் டன்னாக ஆக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பிப்ரவரி 12இல் ஆலைக்குப் பக்கத்து ஊரான அ.குமரெட்டியாபுரம் மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். இந்தத் தடவை ஒரு விஷயம் மாறியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது, கிராமத்தில் டேட்டா மலிந்துவிட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். முகநூலில் ஒரு பதிவு போட்டால் ஆள் வரும் என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயமாகியிருந்தது. முன்பு துண்டறிக்கையில் இருந்ததெல்லாம் செல்போனுக்கு ஏறியது.

மார்ச் 24 அன்று தூத்துக்குடி நகரத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கடைகள் அடைப்பு. தெரு கொள்ளாமல் தலைகளாகத் தெரிந்த, மேலிருந்து எடுத்த அந்தப் படம் அன்றிரவே எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. டெல்லி சேனல்களில் இது ஏன் இல்லை என்று அப்போதே பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் இந்தப் படம் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணமே டிவியில் இல்லை என்ற குறைதான். உங்களுக்கு இதைக் காட்டமாட்டார்கள், நீங்களே பகிருங்கள் என்று எழுதித்தான் ஆட்கள் அனுப்பினார்கள். பெரிய ஊடகம் காட்டாமல் விடுவதுதான் சின்ன ஊடகத்துக்கு எரிபொருள், இது எல்லாச் சர்ச்சையிலும் நடப்பது.

அப்புறம் ஏப்ரல் வந்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலம் முழுக்கப் போராட்டம், சேப்பாக்கத்தில் ஐபிஎல் நடக்கலாமா என்ற சண்டை. தமிழ் சேனல்களின் மாலை விவாதங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. மே மாதம் கர்நாடகத் தேர்தல், 15ஆம் தேதி முடிவு, 19ஆம் தேதி எடியூரப்பா ராஜினாமா, 23ஆம் தேதி குமாரசாமி பதவியேற்பு. கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வேறு. டெல்லி சேனல்களின் கேமராக்கள் அந்த வாரம் எங்கே இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். குமரெட்டியாபுரத்து மரத்தடியில் எண்பதாவது நாளும் எண்பத்தொன்றாவது நாளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நேற்று நடந்ததே இன்றும் நடக்கிறது என்றால் செய்தி ஆசிரியருக்கு அது செய்தியில்லை. போராடுகிறவர்களுக்கோ அதுதான் சாதனை, நேற்று வந்த கூட்டம் இன்றும் கலையாமல் உட்கார்ந்திருக்கிறது என்பது.

சேனல் முதலாளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் சேனல் என்றால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு கட்சி, அல்லது ஒரு குடும்பம், அல்லது ஒரு தொழில் இருக்கும். சன், கலைஞர், ஜெயா எல்லாம் ஊரறிந்த விஷயம். தென்மாவட்டத்தில் தாது மணல் தொழில் செய்த வி.வி. குழுமத்தோடு தொடர்புடையது நியூஸ்7 தமிழ். நியூஸ்18 தமிழ்நாடு ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. இதனால் இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, அங்கே நல்ல நிருபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மே 22 அன்று குண்டுச் சத்தத்துக்கு நடுவே கேமராவோடு ஓடியவர்களும் அவர்கள்தான். ஆனால் ஒரு தொழிற்சாலையின் கழிவைப் பற்றி நூறு நாள் விடாமல் பேசுவது என்றால் அதற்கு முதலாளி ஒருவர் சம்மதிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தையும் பேசிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. வாட்ஸாப்பிலும் யூடியூப்பிலும் சுற்றியதில் எல்லாம் சரியாக இருக்கவில்லை. தூத்துக்குடியில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் அதற்கு ஸ்டெர்லைட்தான் காரணம் என்று நிரூபிக்கப்பட்ட உண்மை போல வீடியோ வந்தது. ஒரு நோயாளியின் புற்றுநோயை ஒரு புகைபோக்கியோடு இணைத்து நிரூபிப்பது அவ்வளவு சுலபமில்லை. இத்தனைக்கும் கையில் உருப்படியான ஆவணம் இருந்தது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 2006–07இல் ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தில் ஒரு உடல்நல ஆய்வு செய்திருந்தது. அங்கே சுவாசக் கோளாறுகள் அதிகம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த அறிக்கையை யாரும் ஃபார்வேர்டு செய்யவில்லை, அழுகிற முகத்தைத்தான் செய்தார்கள். மறுபக்கம் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. விளம்பரம் கொடுத்தது, சமூக வலைதளத்திலும் தன் தரப்பைப் பரப்பியது. ஆங்கிலப் பொருளாதாரப் பத்திரிகைகளில் இதே ஆலை வேறு முகத்தோடு வந்தது. நாட்டின் தாமிர உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம், மூடிய பிறகு இந்தியா தாமிரத்தை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடானது, இத்தனை பேருக்கு வேலை போயிற்று என்று. இதுவும் உண்மைதான். ஆனால் அதைப் படித்தவரும் குமரெட்டியாபுரத்து வீடியோவைப் பார்த்தவரும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை அவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

மே 22. முந்தைய இரவே சில இடங்களில் 144 தடை உத்தரவு. அதையும் மீறிப் பனிமய மாதா ஆலயம் பக்கமிருந்து கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. மதியத்துக்குள் துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது. அன்றைக்கு வெளிவந்த ஏஎன்ஐ காட்சிதான் இன்றுவரை நினைவில் நிற்கிறது. வாகனத்தின் கூரை மேல் சாதாரண டி-ஷர்ட்டில் ஒருவர் துப்பாக்கியோடு குனிந்து, ஊர்ந்து, குறிபார்க்கிறார். கீழேயிருந்து ஒரு குரல், ஒருவராவது சாக வேண்டும் என்று கேட்பது போல இருக்கும். கூட்டத்தைக் கலைக்கிற போலீஸுக்கும் வேட்டைக்குப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் சட்டம் படிக்காதவர்களுக்கும் அதில் தெரிந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதை எடுத்தது செய்தி நிறுவனம், ஏதோ ரகசியமாக எடுத்த செல்போன் இல்லை. எடுத்தவர்கள் பெரிய ஊடகம், பத்து விநாடியாக வெட்டி, திரும்பத் திரும்பப் போட்டு, யாரும் மறக்க முடியாதபடி செய்தவர்கள் சாதாரண ஜனங்கள். இரண்டும் எதிரெதிர் அணி என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மறுநாள், மே 23, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. சமூக வலைதளத்தில் வதந்தியும் ஆத்திரமூட்டும் செய்தியும் பரவுகிறது என்பது சொன்ன காரணம். 2017 ஆகஸ்டில் வந்த தொலைத்தொடர்பு நிறுத்த விதிகளின்படி அரசுக்கு அப்போது அந்த அதிகாரம் இருந்தது. காரணம் முழுப் பொய்யும் இல்லை. சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால், மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் செய்த குற்றம். அந்தப் பயத்தைக் கிளப்பியது வாட்ஸாப்பில் வந்த பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி. அதே மாதம், அதே செயலி. இதைச் சொல்லாமல் செல்போன்தான் மக்கள் ஊடகம் என்று கொண்டாடுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

ஆனால் அத்திமூருக்காக யாரும் இணையத்தை நிறுத்தவில்லை. தூத்துக்குடியில் நிறுத்தினார்கள், அதுவும் போலீஸ் சுட்ட பிறகு. நிறுத்தியதால் வதந்தி நின்றதா என்றால், வாய்வழியாகப் போகிற வதந்திக்கு டவர் வேண்டாம். செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, சரிபார்க்க வழியில்லாததால், மேலும் மேலும் ஏறியது. உண்மையில் நின்றது ஊர்க்காரர்கள் எடுத்த வீடியோ வெளியே போவதுதான். டிவி சேனல்களின் செயற்கைக்கோள் வண்டிகளுக்கு இதில் சிக்கல் இல்லை. ஆக அந்த நாட்களில் தூத்துக்குடியைப் பற்றி உலகத்துக்கு என்ன தெரியும் என்பதை, 99 நாள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத சேனல்களின் கையிலேயே அரசு மறுபடி ஒப்படைத்தது. அந்த நாட்களில்தான், துப்பாக்கிச் சூடு நடந்ததையே டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னார்.

மே 28இல் ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. மே 30 அன்று ரஜினிகாந்த் தூத்துக்குடி போனார். மருத்துவமனையில் காயம்பட்டுப் படுத்திருந்த ஒரு இளைஞர் அவரைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். அவரும் தன் பெயரைச் சொன்னார். சில விநாடிக் காட்சி, மாலைக்குள் நூற்றுக்கணக்கான மீம். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதே நாளில் அவர் சொன்ன பெரிய விஷயம், அதாவது சமூக விரோதிகள் உள்ளே புகுந்து போலீஸைத் தாக்கியதுதான் பிரச்சினைக்குக் காரணம் என்றது, அந்த மீம் வெள்ளத்துக்கு இணையாக டிவி விவாதங்களில் நாள்கணக்கில் ஓடியது. சமூக விரோதிகள் இருந்தார்களா இல்லையா என்று நான்கு பேர் நான்கு பெட்டிக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். யார் சுட உத்தரவிட்டது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. எப்.ஐ.ஆரில் சிறப்புத் துணை வட்டாட்சியர்கள் உத்தரவு கொடுத்ததாக எழுதியிருந்தது அந்த வாரம்தான் வெளியே வந்தது. ஒரு துணை வட்டாட்சியர் சொல்லித்தான் ஒரு மாவட்டப் போலீஸே சுட்டதா என்பது எவ்வளவு பெரிய கேள்வி!

பேசியவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் கோவையில், தொடரும் போராட்டங்களைப் பற்றி ‘புதிய தலைமுறை’ நடத்திய வட்டமேசை விவாதத்தில் சலசலப்பு வந்ததும் சேனல் மீதே போலீஸ் வழக்குப் போட்டது, பேசிய இயக்குநர் அமீர் மீதும் வழக்கு. அரசு கேபிளில் சேனலின் இடத்தை மாற்றிவிட்டார்கள் என்ற புகாரும் எழுந்தது. ஆகஸ்டில், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக் கூட்டத்தில் தூத்துக்குடி பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிய திருமுருகன் காந்தியை பெங்களூரு விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். அந்தப் பேச்சின் காணொலியை முகநூலில் போட்டதற்குத் தேசத்துரோக வழக்கு. பெரிய சேனலுக்கு கேபிளும் விளம்பரமும் பிடி, தனி ஆளுக்கு ஜெயில் பிடி. இரண்டு ஊடகமும் வேறு வேறு இடத்தில் பலவீனமானவை என்பது ஆட்சியில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இதற்குள் கேமராக்கள் கிளம்பிவிட்டன. நான் முக்கியமாக நினைப்பது இதற்குப் பிறகு நடந்த இரண்டு வேலைகளை.

ஒன்று, 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் தேடிப் பிடித்துப் படித்து எழுதியது. 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ நெஞ்சிலோ குண்டு பாய்ந்திருந்தது, அந்த 12 பேரில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டிருந்தார்கள். செத்தவர்களில் 17 வயதுப் பெண்ணும் ஒருத்தி. தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற வாதத்தை இந்த ஒரு செய்தி அடித்ததைப் போல எந்த ஹேஷ்டேக்கும் அடிக்கவில்லை. மே மாதத்து வீடியோ நெஞ்சைப் பதறவைத்தது, டிசம்பர் ஆவணம்தான் பதில் சொல்ல முடியாத இடத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் அந்த வீடியோ இல்லையென்றால் ஏழு மாதம் கழித்து ஒரு நிருபரை அந்த அறிக்கைகளைத் தேட யார் அனுப்பியிருப்பார்கள் என்பதும் கேள்விதான்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 2022 மே மாதம் முதல்வர் ஸ்டாலினிடம் கொடுத்தார். அரசு வெளியிடாமல் வைத்திருந்தபோது ஆகஸ்டில் ‘ஃப்ரண்ட்லைன்’ அதன் உள்ளடக்கத்தை வெளியிட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள், ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 17 ரவுண்டு சுட்டார், அப்போதைய கலெக்டர் தன் பொறுப்பைச் சரியாகச் செய்யவில்லை என்றெல்லாம் அதில் இருந்தது. டிவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்ற பழனிசாமியின் பேச்சு தவறு என்றும் ஆணையம் எழுதியது. தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுத்துறை ஐஜியும் அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பது அதன் முடிவு. ரஜினிகாந்த் பேச்சுக்கும் ஆதாரம் இல்லை என்று ஆணையம் சொல்லிவிட்டது. அவர் பேசியது நாள்கணக்கில் ஓடிய அதே சேனல்களில் இந்த வரி எத்தனை நிமிடம் ஓடியது என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது 2022 அக்டோபர் 18இல். அதே நாளில் ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும் வைக்கப்பட்டது. அப்போலோவில் என்ன நடந்தது, சசிகலா என்ன செய்தார் என்பது ஐந்து வருடமாக எல்லோரும் காத்திருந்த கதை. எதற்குக் கூட்டம் கூடும் என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. அன்றைய மாலை பெரும்பகுதி போயஸ் கார்டனுக்குப் போனது.

ஆணையம் 17 போலீஸ் அதிகாரிகள், காவலர்கள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்த மாதமே ஒரு ஆய்வாளரும் மூன்று காவலர்களும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆலை விஷயம் நீதிமன்றத்தில் தனியாக ஓடி, 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் உரிமையாளரான வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும் அந்தச் செய்தி ஒரு நாள் முழுக்க எல்லாச் சேனலிலும் வந்தது. மீதியுள்ளவர்கள் மேல் என்ன நடவடிக்கை, அவர்கள் அதற்குப் பிறகு எந்த ஊரில், எந்தப் பதவியில் இருந்தார்கள், யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்பதை ஆர்டிஐ மனு ஒன்றும் நாலைந்து தொலைபேசி அழைப்பும் இருந்தால் ஒரு மாவட்ட நிருபரோ, சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறவரோ பெயர் வாரியாக எழுதிவிடலாம், அதற்கு செயற்கைக்கோள் வண்டியும் தேவையில்லை, டேட்டாவும் அதிகம் செலவாகாது.